ஏழில் நான், எட்டில் அவர்

எங்கள் வீட்டில் பேசுகிற வேலை என்னுடையது. கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருடத்தில் வீட்டு ஓனரிடம் பேசியது நான், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சண்டை போட்டது நான், டாக்டரிடம் போனால் வீட்டுக்காரருக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னதும் நான்தான். வேலையும் அப்படித்தான் அமைந்தது. ஒரு கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்து பகலெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறேன். நான் ஒரு தடவை கூப்பிட்டால் கடைசி பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்குகிற ஆளும் எழுந்து நிற்பார்.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ஒரு சொல் வராமல் அவர் நின்று முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. சட்டென்று அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு சொல்லில் ஆரம்பித்தது, போகப்போக முழு வாக்கியத்தையும் நானே சொல்லி முடிப்பதில் வந்து நின்றது. அன்பில்தான் செய்கிறேன் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். பிறக்கும்போதே சின்னதாக, கறுப்பாக, எடுத்தவுடன் காரமாக அழுததால் மிளகு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், கிடைத்த நிரந்தர வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு, பாட்டுப் பதிவு செய்கிற வேலையைக் கற்கிறேன் என்று தூரத்து ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் டாக்ஸி நிற்கிறது. கையில் பெட்டி. இவர் முன்னால் வந்து, "மிளகு... உ... உ..." என்று நின்றுவிட்டார். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். "உன்னை நம்பி இருந்ததுக்கு இதுதான் பலனான்னு கேக்கறார் அப்பா," என்று நான் முடித்துவிட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் இன்னும் அந்த ஒரு எழுத்திலேயே நின்றது. டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். என்னிடம் அரைமணி நேரம். "அப்பா நல்லாருக்காரா?" என்று என்னிடமே கேட்டு என்னிடமே பதில் வாங்கிக்கொண்டு வைத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு. கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, சொந்தமா ஒரு ரெக்கார்டிங் ரூம் போட்டிருக்கேன். சின்னதுதான். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி திறக்கறேன். நீ வந்துடு."

"அடிப்பாவி! இவ்வளவு பெரிய விஷயத்தை மூச்சு விடாம வச்சிருந்தியா? நாங்க ரெண்டு பேரும்..."

"இல்லம்மா. நீ மட்டும் வா. அப்பாவை இழுத்துக்கிட்டு வராதே. நம்பிக்கை இல்லாத மனுஷரைக் கொண்டுவந்து நிக்க வச்சா அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

ஸ்பீக்கரை அணைக்க எனக்குக் கை ஓடவில்லை. பாலிஷ் பிரஷ் நின்றது, அப்புறம் மெதுவாகத் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஒரே ஷூவுக்கு அவர் அன்றைக்கு அரைமணி நேரம் பாலிஷ் போட்டார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மிளகு ரூமில் மேஜைமேல் அந்த மெஷின் இருந்தது. அவள் கல்லூரி நாளில் வாங்கி, பழைய மாடல் என்று அலமாரியில் விட்டுவிட்டுப் போனது. ஒரு தட்டு அளவுதான். எட்டு டிராக், அதாவது எட்டுக் குரலைத் தனித்தனியாகப் பதிந்து வைத்து, வேண்டியதை மட்டும் ஒன்றாகக் கேட்கலாம். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த சாமான் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அது அப்போது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"எதுக்குங்க இது?"

"அ... அவகிட்ட பே..."

"பேசணுமா? அதுக்குப் போன் இல்லையா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே உறைத்தது. போனில் இவருக்கு ஒரு சொல் நின்றால் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, கட்டாயிடுச்சா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மிளகும் அதையேதான் செய்வாள்.

"சரி, ஒரு லெட்டர் எழுதுங்க."

"எ... எழுதினா, நீ சொல்லி எ... எழுதினேன்னு நினைப்பா."

நினைப்பாள்தான். இத்தனை வருடம் பிறந்தநாள் வாழ்த்திலிருந்து லீவ் லெட்டர் வரைக்கும் அவர் பெயரில் போனதெல்லாம் என் எழுத்துதான்.

இவர் எந்த மெஷினையும் புத்தகம் படிக்காமல் தொடமாட்டார். நான் அப்படியே நேரெதிர். பட்டனைப் பார்த்தால் அமுக்க வேண்டும். மூன்று நாள் அந்தக் கையேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். புது மெமரி கார்டு வாங்கி வந்தார். கார்டை உள்ளே போட்டதும் மெஷின், இதில் இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. ஒன்றுமே இல்லாத கார்டுதான், ஆனாலும் நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இவர் சாவகாசமாகச் சம்மதம் கொடுத்தார். மைக்குக்கு ஸ்டாண்டு காணோம். இஸ்திரி போடும் பலகையில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். பேன் சத்தம் விழும் என்று பேனை நிறுத்தினார். கையில் அவரே எழுதி நாலாக மடித்த ஒரு காகிதம், என்னிடம் காட்டவில்லை.

முதல் நாள் அவர் இருபது நிமிடம் போராடிப் பேசினார். நான் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கே மெடல் கொடுக்கலாம். முடித்துவிட்டுக் கேட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை. சிவப்பு விளக்கு மினுக்கினால் மெஷின் தயாராக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கி, விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதிகிறது என்று அர்த்தமாம். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. படித்தவர்தான், பதற்றத்தில் மறந்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. விளக்கு நிலையாக எரிந்தது. அவர், "மி... மி..." என்றார். "மிளகு," என்றேன் நான். கை என்னைக் கேட்காமலே வாயைப் பொத்தியது, ஆனால் சொல் வெளியே போய்விட்டதே. அது ஒன்றாவது டிராக். கழற்றிய ஸ்பிரிங்கைக்கூடத் தூக்கிப் போடாத ஆள் இவர். கெட்டுப்போன பதிவையும் அழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த டிராக்குக்குப் போனார். இரண்டாவதிலும் நான் இருந்தேன். மூன்றாவதில் என்னைச் சமையலறைக்கு அனுப்பினார். அங்கிருந்து கத்திச் சொன்னேன். என்ன செய்ய, என் குரலுக்குச் சுவர் ஒரு தடையா?

நாலாவதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா இரு! என் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்!" என்று ஒரே மூச்சில், ஒரு இடத்தில்கூட நிற்காமல் கத்தினார். கத்திவிட்டு அவரே திகைத்துப்போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"லிப்ட்டு நடுவுல நி... நின்னுட்டா உள்ளே இருக்கறவங்க பட்டனை அ... அமுக்கிக்கிட்டே இருப்பாங்க," என்றார் கொஞ்சம் ஆறியதும். "அமுக்கினா கதவு தி... திறக்காது. சும்மா நின்னா நான் தி... திறந்துடுவேன்."

நான்தான் அந்தப் பட்டனை அமுக்குகிற ஆள் என்று சொல்லாமல் சொன்னார். சுருக்கென்றது. ஆனாலும் ஐந்தும் ஆறும் அதே கதிதான்.

ஆறாவது டிராக் கெட்டதும் அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கையேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு டிராக்கில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் பதியலாம் என்று அதில் இருந்தது. பாடுகிறவர்களுக்காக எழுதியது.

"ப... பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லுவோம் இல்ல?" என்றார். "அ... அப்ப எனக்குத் திக்கினதே இல்ல. தனியா எ... எழுப்பி நிக்க வச்சாதான் திக்கும். கூட ஒரு குரல் போனா, நானும் போ... போயிடுவேன்."

இருபத்தெட்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்துகிறேன். இது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் அவருக்கு முன்னாலேயே ஓடியிருக்கிறேன். கூடப் போனதில்லை.

மடித்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீ மு... முதல்ல படி. ஏழாவதுல. டோக்கன் கூப்பிடற மாதிரி ஓ... ஓடாதே. மெதுவா."

மைக் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"மிளகு, அப்பா பேசறேன். அன்னைக்கு வாசல்ல நான் சொல்ல வந்தது வேற. அம்மா சொன்னது என் வார்த்தை இல்ல..."

எனக்குக் குரல் நின்றுவிட்டது. பகலெல்லாம் டோக்கன் கூப்பிடுகிற நான், ஒரு காகிதத்தின் முன்னால் அழுதுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் விளக்கை அணைக்கவில்லை. படி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"உன் மெஷினை நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாம போயிட்டு வா. அவ்வளவுதான் அன்னைக்கு நான் சொல்ல வந்தது. மூணு வருஷமா மாசம் ஒரு தடவை துடைச்சு, விளக்கு எரியுதான்னு ஆன் பண்ணிப் பாத்துட்டு வைக்கறேன். உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லாம ஒரு நாள்கூடப் போனதில்ல. அம்மாவைக் கோவிச்சுக்காதே. அவளுக்குப் பயம் வந்தா என் வாயால பேசுவா. ஒண்ணாந்தேதி நானும் வரலாமா?"

படித்து முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் பதிவை நிறுத்தினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று அவர்மேலேயே பாய்ந்தேன். தப்பு செய்தவளுக்குத்தானே முதலில் கோபம் வரும்.

"நீ வி... விட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலில் ஒரு துளிக் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேங்க," என்றேன். "மூணு வருஷம் அவளையும் உங்களையும் பிரிச்சு வச்சிருக்கேன். என் பயத்தை உங்க பேர்ல சொல்லிட்டேன்." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். துண்டில் லிப்ட் ஆயில் வாசனை அடித்தது. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்தது அவர் முறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டாவது டிராக்கைப் பதிவுக்கு வைத்தார். என் குரல் அவர் காதுக்குள் மட்டும் கேட்கும். ரூமில் கேட்பது அவர் குரல் ஒன்றுதான். விளக்கு எரிந்தது. அவர் மூச்சை இழுத்தார்.

"மிளகு, அப்பா பேசறேன்."

நிற்கவில்லை. "அன்னைக்கு வாசல்ல நான் சொல்ல வந்தது வேற." முட்டவில்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நான் அழுது நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார், நான் மறுபடி ஆரம்பித்த இடத்தில் ஆரம்பித்தார். இத்தனை நல்ல குரலா இந்த மனுஷருக்கு! கனமான, நிதானமான குரல். கல்யாணமான நாளிலிருந்து இதை நான் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. யார் கேட்கவிட்டது? எனக்கு அவர்மேல் புதிதாக ஆசை வந்தது. இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

முடித்ததும் என் ஏழாவது டிராக்கை மியூட் செய்துவிட்டு அவர் தன் குரலை மட்டும் கேட்டார். நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை ஹெட்போனின் ஒரு காதை என் பக்கம் திருப்பி வைத்து, நானும் கேட்கும்படி நெருங்கி உட்கார்ந்தார்.

எனக்கோ மற்ற டிராக்கில் நான் போட்ட கூச்சல்தான் கவலை. "என் சத்தமெல்லாம் போக வேண்டாமா?" என்று ஒன்றிலிருந்து ஆறுவரை டக்டக்கென்று மியூட் பட்டனை நானே அமுக்கினேன்.

"மி... மியூட் பண்ணினா அது..."

"அது போச்சு, தெரியும் தெரியும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுநாள் கிளினிக்குக்குப் போகிற வழியில் கார்டை நானே கூரியரில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தது. எடுத்தேன். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அம்மா, எட்டு டிராக்கும் கேட்டேன்."

"எட்டா? எட்டாவது மட்டும்தானேடி?"

"மியூட் பண்ணினா அழியாதும்மா. சும்மா வாயைப் பொத்தி வச்ச மாதிரி. கையை எடுத்தா எல்லாம் பேசும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அவர் சொல்ல வந்தது இதுதானா! அதையும் நானே முடித்து, நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து நான் கத்தியது, அவரை அதட்டியது, ஒன்றுவிடாமல் என் பெண்ணின் புது ரெக்கார்டிங் ரூமில் பெரிய ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. மானம் போயிற்று.

"எட்டாவதுல அப்பா அவ்வளவு அழகா பேசறாரும்மா. அதை நாள் பூரா கேக்கலாம். ஆனா நான் திரும்பத் திரும்பக் கேட்டது நாலாவது. என் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்னு உன்னை ஒரு போடு போட்டாரே, அது." சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது. "ஏழாவதுல நீ அழுததையும் கேட்டேன். போதும்மா, நீ எதுவும் சொல்ல வேண்டாம். அப்பாகிட்ட குடு."

"அவருக்குப் போன்ல..."

"தெரியும். நிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் ஹலோன்னு சொல்ல மாட்டேன். குடும்மா."

அவர் கையில் போனைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு எங்கே போவது? சமையலறைக்குப் போனால் அங்கிருந்து கத்துவேன். பழகிய வாய், அதை நம்ப முடியாது. மிளகு ரூமுக்கு ஓடி அந்த ஹெட்போனை எடுத்து வந்து, எதிலும் சொருகாமல் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். நல்ல கனமான ஹெட்போன். உலகம் அப்படியே அடங்கிப்போனது.

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் உதடு அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல், அந்தச் சொல்லை வெளியே கொண்டுவந்தார். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, இவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சு போவது அதுதான் முதல் தடவை.

போனை வைத்துவிட்டு எழுந்து போய், ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டியை இறக்கி, பாலிஷ் போட்ட அந்த ஷூவை அதன் பக்கத்தில் வைத்தார். நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"என்னங்க சொன்னா? நீங்க என்ன சொன்னீங்க? எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

"அது எ... எ..." என்று நின்றார்.

என்ன சொல் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்குள்ள," என்றார்.